மூன்றாவது ஆள்

போன ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எங்கள் தெருவில் கரன்ட் போனது.

திருவேற்காட்டு ஆடி ஞாயிறு பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கருமாரியம்மன் கோயிலைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மஞ்சள் சேலை, வேப்பிலை, கூழ் அண்டா, மைக் செட். அந்தப் பக்கம் வெளிச்சத்துக்குக் குறைவே இல்லை. எங்கள் பக்கம் மட்டும் நாலு தெரு இருட்டு. இன்வெர்ட்டரும் பத்து நிமிஷத்தில் கைவிரித்துவிட, பனை ஓலை விசிறியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன்.

பக்கத்து வீட்டு மாடியில் ஒரே பரபரப்பு. அந்த வீட்டுப் பெண் பிளஸ் டூ படிக்கிறாள். செகண்ட் ஹேண்டில் நாலரை அங்குல டெலஸ்கோப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். வாங்கின நாளிலிருந்து அவளுக்கும் தெருவிளக்குக்கும் ஜென்மப் பகை. கரன்ட் போனால் சந்தோஷப்படுகிற ஒரே ஜீவன் எங்கள் தெருவில் அவள்தான்.

"அங்கிள், சீக்கிரம் வாங்க. கரன்ட் வர்றதுக்குள்ள ஒண்ணு காட்டறேன்."

இரண்டு மாடிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். ஐம்பதைத் தாண்டியவன் தாண்டக் கூடாத சுவர்தான். தாண்டினேன்.

"முதல்ல வெறும் கண்ணால பாருங்க. அதோ கிழக்கால திருவோணம். இந்தப் பக்கம் தெற்கே சிவப்பா கேட்டை. ரெண்டுக்கும் நடுவுல, இன்னும் கொஞ்சம் மேலே, கிட்டத்தட்ட நம்ம தலைக்கு நேரா... மங்கலா ஒண்ணு தெரியுதா?"

தெரியவில்லை.

"நல்லா பாருங்க அங்கிள். எனக்கு தெரியுதே!"

எனக்கு வயிற்றில் லேசாக ஒரு குளிர் ஓடியது. ஒரு நட்சத்திரம் தெரியாததற்கு வயிறு ஏன் குளிர வேண்டும் என்று கேட்பீர்கள். அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

"அய்யோ, நேரா முறைக்காதீங்க அங்கிள். மங்கல் நட்சத்திரத்தை நேரா பாத்தா ஓடிடும். அதுக்குப் பக்கத்துல வேற எதையோ பாக்கற மாதிரி பாருங்க. ஓரக்கண்ணால."

பக்கத்தில் வேறு எதையோ பார்ப்பது மாதிரி பாவனை செய்தேன். சட்டென்று வந்துவிட்டது. ஊசிமுனை அளவுக்கு ஒரு புள்ளி. நேராகத் திரும்பினால் இல்லை. ஓரமாகப் பார்த்தால் இருக்கிறது. மூச்சு திரும்பி வந்தது.

பிறகு டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். அந்த ஒரு புள்ளி இரண்டாக இருந்தது! மஞ்சளாக ஒன்று. அதை ஒட்டி, கொஞ்சம் ஆரஞ்சு நிறத்தில், சின்னதாக இன்னொன்று. கோயில் பிரகாரத்தில் ஒரு அகலும் அதன் பக்கத்தில் எண்ணெய் தீரப் போகிற இன்னொரு அகலும் மாதிரி.

"இதுக்கு மெட்ராஸ் கனெக்‌ஷன் இருக்கு அங்கிள். 1855-ல மெட்ராஸ்ல இருந்த ஒரு சயின்டிஸ்ட், இந்த ரெண்டையும் கண்ணுக்குத் தெரியாத மூணாவது ஒண்ணு இழுக்குதுன்னு சொன்னார். சூரியனுக்கு வெளியில ஒரு நட்சத்திரத்துக்கு கிரகம் இருக்குன்னு கணக்குப் போட்டு சொன்ன முதல் ஆளுங்கள்ல அவர் ஒருத்தர்."

"நிஜமாவா? இருக்கா அந்த மூணாவது?"

"இல்ல அங்கிள். தப்பு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டாள். எங்க வீட்டிலும் இதே மாதிரி ஒரு கணக்கு நடந்தது என்று சொல்ல வாயெடுத்து, சின்னப் பெண்ணிடம் சொல்கிற கதையா என்று நிறுத்திக்கொண்டேன். உங்களிடம் சொல்லலாம்.

முதலில் அந்த நட்சத்திரத்தின் ஜாதகம். அன்றைக்கு ராத்திரியே புத்தகங்களைப் புரட்டினேன்.

பெயர், 70 ஒஃபியூக்கி. ரேஷன் கார்டு நம்பர் மாதிரி இருக்கிறது. ஒஃபியூக்கஸ் என்றால் பாம்பைப் பிடித்துக்கொண்டிருப்பவர் என்று அர்த்தம். அந்த மண்டலத்தில் இது 70-ஆம் எண். நம்மிடமிருந்து சுமார் 16.7 ஒளியாண்டு தூரம். வானத்துக் கணக்கில் இது பக்கத்துத் தெரு. 1779-ல் வில்லியம் ஹெர்ஷல் இதை இரண்டாகப் பார்த்தார். பெரியதன் எடை நம் சூரியனில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு, சின்னது பத்தில் ஏழு. இரண்டுமே சூரியனைவிட மங்கல், சூரியனைவிடக் குளிர்ச்சி.

மங்கல் என்றால் எவ்வளவு மங்கல்? அதற்கு ஓர் அளவுகோல் உண்டு. எண் கூடக்கூட வெளிச்சம் குறையும். ஐந்து எண் கூடினால் வெளிச்சம் நூறில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை 1856-ல் ஒழுங்குபடுத்தியவர் நார்மன் போக்சன். அவர் 1861-ல் மெட்ராஸ் வான் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக வந்து, 1891-ல் சாகிற வரைக்கும் இங்கேயே இருந்தார். அவர் கணக்கில் 70 ஒஃபியூக்கியின் பெரியது 4.2, சின்னது 6. நல்ல இருட்டில், நல்ல கண்ணுக்கு, 6 வரைக்கும்தான் தெரியும். அதாவது அந்தச் சின்னது, மனிதக் கண்ணின் எல்லைக்கோட்டில் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டும் ஒன்றையொன்று சுற்றிவர 88 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். ஒரு முழு மனித ஆயுசு. பாதை வட்டம் இல்லை, நீள்வட்டம். நெருங்கி வரும்போது நடுவில் உள்ள தூரம், சூரியனுக்கும் சனிக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். விலகிப் போகும்போது நெப்டியூனையும் தாண்டிய தூரம். நெருங்கினால் வேகம் அதிகம், விலகினால் நிதானம். (பல வீடுகளில் தலைகீழாக இருக்கும்.) கடைசியாக மிக நெருங்கி வந்தது 1984-ல். 2028 வாக்கில் அதிகபட்சமாக விலகி நிற்கும்.

1984 என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் வீட்டுக் கதையும் அந்த வருஷம்தான்.

அப்போது எனக்கு வயது பன்னிரண்டு. திருவேற்காடு இன்றைக்கு மாதிரி இல்லை. கோயிலை விட்டு ஒரு பர்லாங் தள்ளினால் வயல். தெருவிளக்கு என்பது கம்பத்தில் தொங்கும் ஒரு பல்பு, அதுவும் மனசு வைத்தால் எரியும். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஆபரேட்டர். பகல் ஷிப்ட். பஸ் மாறி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் இறங்கி, அங்கிருந்து நடை. ஆறே காலுக்கு இறங்கினால் ஆறே முக்காலுக்கு வீடு.

இது கோடைக் கணக்கு. ஐப்பசி பிறந்தால் ஏழரை ஆகும். கார்த்திகையில் எட்டு. சில நாள் எட்டே கால்.

"ஏங்க லேட்டு?"

"பஸ்ஸு கிடைக்கல."

அம்மா ஐந்தாவது வரை படித்தவள். ஆனால் கணக்கில் கெட்டி. சமையலறைக் கதவில் தொங்கிய தினசரிக் காலண்டரில், கிழிக்கிற தாளை எல்லாம் கிழித்து ஆணியில் குத்தி வைப்பாள். ஒவ்வொரு தாளிலும் மூலையில் பென்சிலால் ஒரு எண். பால் கணக்கு என்று நினைத்திருந்தேன். ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். 7.35. 7.50. 8.05. பால் கணக்கில் ஏது 8.05?

அப்பா வீட்டுக்கு வந்த நேரம் அது.

இரண்டு வருஷத்துத் தாள் இருந்தது. சித்திரை முதல் ஆவணி வரை ஆறே முக்கால், ஆறு ஐம்பது. புரட்டாசியில் ஆட்டம் ஆரம்பிக்கும். கார்த்திகை, மார்கழியில் உச்சம். மாசியில் மெல்ல இறங்கி, பங்குனியில் மறுபடி ஒழுங்கு. வருஷா வருஷம் அதே மாதிரி.

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தாள். பக்கத்து வீட்டு அத்தையிடம் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது.

"எவளோ இருக்காக்கா. குளிர் காலத்துல மட்டும் வந்து போறா. அறுப்பு வேலைக்கு வர்றவளோ என்னமோ."

இந்த இடத்தில் கேப்டன் ஜேக்கப்பைக் கூப்பிட்டாக வேண்டும்.

வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப், கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ இன்ஜினீயர். 1850-களில் மெட்ராஸ் வான் ஆய்வுக்கூடத்தின் தலைவர். அது இருந்த இடம் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை. மழை லீவு கிடைக்குமா என்று நவம்பரில் டி.வி. முன்னால் நாம் காத்துக்கிடக்கிறோமே, அந்த வானிலை மையம் இருக்கிற வளாகம்தான். 1792-ல் நட்ட கருங்கல் தூண் ஒன்று, தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டோடு, அங்கே இன்னும் நிற்கிறது.

ஜேக்கப்புக்கு உடம்பு சரியில்லாமலே இருக்கும். ஆனாலும் இரட்டை நட்சத்திரம் என்றால் விடமாட்டார். ராத்திரி ராத்திரியாக 70 ஒஃபியூக்கியை அளந்தார். சின்னது பெரியதிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தள்ளி என்று. ஏற்கெனவே மற்றவர்கள் எழுதி வைத்த அளவுகளையும் சேர்த்துப் பாதையைப் போட்டுப் பார்த்தார். ஒத்துவரவில்லை. இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. கொஞ்சம் இந்தப் பக்கம், பிறகு கொஞ்சம் அந்தப் பக்கம். ஆட்டம். அந்த ஆட்டத்திலும் ஒரு ஒழுங்கு இருப்பது போலத் தெரிந்தது.

எவளோ இருக்கா.

ஜேக்கப்பைக் குறை சொல்ல முடியாது. அவர் காலத்தில் இந்த யோசனைக்குப் பெரிய மரியாதை. யுரேனஸ் பாதை கொஞ்சம் பிசகுகிறதே என்று கணக்குப் போட்டுத்தான் 1846-ல் நெப்டியூனைப் பிடித்தார்கள். சிரியஸ் நட்சத்திரம் தள்ளாடுகிறது, பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத துணை இருக்க வேண்டும் என்று 1844-ல் பெஸ்ஸல் சொன்னார். 1862 ஜனவரியில் அந்தத் துணையைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். ஆட்டம் இருந்தால் ஆள் இருக்கும் என்பது அன்றைக்கு நிரூபணமான பாடம். ஜேக்கப் 1855-ல் லண்டன் வானியல் சங்கத்தின் பத்திரிகையில் எழுதினார்: இந்த ஜோடியோடு ஒரு கிரகம் இருப்பதற்கான வாய்ப்பு மிக அதிகம்.

நாற்பது வருஷம் கழித்து, அமெரிக்காவில் தாமஸ் ஸீ என்பவர் அதே நட்சத்திரத்தை எடுத்துக்கொண்டு, ஆமாம், கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது என்று இன்னும் சத்தமாகச் சொன்னார். 1899-ல் மோல்ட்டன் என்ற இளைஞர் கணக்குப் போட்டு, அப்படி ஒன்று இருந்தால் அந்தக் குடும்பம் நிலைத்து நிற்கவே முடியாது, சிதறிப்போயிருக்கும் என்று காட்டினார். ஸீக்கு வந்ததே கோபம்! பத்திரிகைக்குக் காரசாரமாகக் கடிதம் எழுதி, இருந்த மரியாதையையும் கெடுத்துக்கொண்டார். இன்றுவரை அங்கே எந்தக் கிரகமும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அப்படியானால் அந்த ஆட்டம்? நட்சத்திரத்தில் இல்லை. அளந்ததில். இரண்டு புள்ளிகளும் நெருக்கம். ஒன்று பளிச், ஒன்று மங்கல். காற்றில் இரண்டும் நடுங்கும். கருவி கொஞ்சம் ஏமாற்றும், கண் கொஞ்சம் ஏமாற்றும். ஒவ்வொருவர் அளவும் இம்மி இம்மியாகப் பிசகும். அந்தப் பிசகு எல்லாம் சேர்ந்து ஒரு உருவம் எடுத்து, மூன்றாவது ஆள் மாதிரி நின்றது.

இப்போது வேலப்பன்சாவடி.

அந்தக் கார்த்திகையில் ஒரு சாயங்காலம் அம்மா என் கையில் எட்டணாவை வைத்தாள். "வேலப்பன்சாவடிக்குப் போடா. அப்பா பஸ்ஸை விட்டு எறங்கி எங்க போறாருன்னு பாத்துட்டு வா. அவரு கண்ணுல படாத."

எனக்குத் துப்பறியும் கதை படித்த உற்சாகம். ஓடினேன். புளியமரத்துக்குப் பின்னால் நின்றேன். ஆறே காலுக்கு பஸ் வந்தது. அப்பா இறங்கினார். நன்றாக இருட்டிவிட்டிருந்தது. நேராக டீக்கடைக்குப் போனார். பெஞ்சில் உட்கார்ந்தார். டீ குடிக்கவில்லை. பேப்பர் படிக்கவில்லை. பாலத்துப் பக்கம் போகிற ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம்! கொசுக்கடியில் எனக்குக் கால் வீங்கிவிட்டது. எவளும் வரவில்லை.

ஏழே காலுக்கு எங்கள் தெருக்காரர் ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். டைனமோ விளக்கு கெட்டுப்போன சைக்கிள் போல, கையில் ஒரு லாந்தர். அப்பா சடக்கென்று எழுந்து, "என்னண்ணே, இப்பத்தான் வரீங்களா? நானும் இப்பத்தான் எறங்கினேன்" என்றார். ஊர் வம்பு பேசியபடியே நடந்தார்கள். பின்னாலேயே போனேன். ஒன்றைக் கவனித்தேன். வழி முழுக்க அப்பாவின் இடது கை அந்த சைக்கிள் கேரியரை விடவே இல்லை.

குறுக்கு வழியில் ஓடி வந்து அம்மாவிடம் ஒப்பித்தேன். டீக்கடை, பெஞ்சு, லாந்தர். கடைசியில், "அப்பா சின்னப் பையன் மாதிரி கேரியரைப் புடிச்சிட்டு நடக்கறாரும்மா" என்று சிரித்தேன்.

அம்மா சிரிக்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று ராத்திரி சாப்பாடு ஆனதும், எண்ணெய் தீர்ந்துபோச்சு என்று சிம்னி விளக்கைத் தணித்தாள். எனக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. தண்ணீர் டம்ளரை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா கை நீட்டினார். கை, டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிப் போய், காற்றைத் தடவிற்று. அம்மா டம்ளரை நகர்த்திக் கொண்டுபோய் அந்தக் கையில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

மாலைக்கண்.

சென்னையில் ஜூலையில் சூரியன் மறைய 6.40 ஆகும். நவம்பர் கடைசியில் 5.40-க்கே மறைந்துவிடும். இந்த ஒரு மணி நேரம்தான் அந்த 'எவளோ'. கோடையில் அப்பா இறங்கும்போது வெளிச்சம் இருக்கும், விறுவிறுவென்று வந்துவிடுவார். குளிர்காலத்தில் இருட்டு. துணைக்கு ஆள் வருகிற வரை உட்கார்ந்திருப்பார். ஏன் வெளியே சொல்லவில்லை? கண் தெரியாதவனை எந்தப் பட்டறையில் மெஷின் முன்னால் நிற்க வைப்பார்கள்? பகல் வெளிச்சத்தில் அவர் கண்ணுக்குத் தப்பாத நூலிழை கிடையாது. அது எடுபடாது என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு அப்போதுதான் வேறொன்றும் உறைத்தது. டூரிங் டாக்கீஸில் படம் ஆரம்பித்த பிறகு உள்ளே போனால் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டே வருவார். பாசம் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அம்மாவின் அளவில் தப்பில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஜேக்கப்புக்கு அளவே தப்பு. அம்மா குறித்த 7.35-உம் 8.05-உம் சுத்தமான உண்மை. ஆட்டம் நிஜம். அதற்கு அவள் கொடுத்த காரணம்தான் பொய். எதிராளியிடம் ஒரு மாற்றம் தெரிந்தால், நமக்கு உடனே ஒரு மூன்றாவது ஆள் தேவைப்படுகிறான். பிள்ளை பேசவில்லையா, கெட்ட சிநேகிதம். மருமகள் முகம் சுளிக்கிறாளா, அவள் அம்மா ஏற்றிவிட்டது. நண்பன் போன் எடுக்கவில்லையா, எவனோ போட்டுக்கொடுத்துவிட்டான். அவருக்குள்ளேயே ஒரு இருட்டு இருக்கலாம் என்பது நம் கணக்கில் கடைசியில்தான் வருகிறது. பல சமயம் வருவதே இல்லை.

மறுநாளிலிருந்து அம்மா தினமும் சாயங்காலம் வேலப்பன்சாவடிக்குப் பூ வாங்கப் போக ஆரம்பித்தாள். திருவேற்காட்டில், அதுவும் கோயில் வாசலில், கிடைக்காத பூவா? இரண்டு கட்டை பேட்டரி போட்ட டார்ச் ஒன்றும் வாங்கினாள். பஸ் வரும். அப்பா இறங்குவார். "நீ எங்க இங்க?" "பூ வாங்க வந்தேங்க." இருவரும் நடப்பார்கள். அரை அடி முன்னால் அம்மா. வெளிச்சம் அவள் காலடியில் விழாது. அப்பா அடுத்த அடி வைக்கப்போகிற இடத்தில் விழும்.

முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். அப்பா கேட்டார்: "எதுக்கு டார்ச்சு? எனக்குத் தெரியாத ரோடா இது?"

"உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் பாம்பு பயம்."

அம்மா நல்ல பாம்புக்கே பால் ஊற்றுகிறவள். அப்பாவுக்கும் அது தெரியும். ஒன்றும் சொல்லவில்லை.

ஏழு குளிர்காலம் இப்படிப் போனது. 1991-ல்தான் அப்பாவே எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று டாக்டர் எழுதினார். விழித்திரையின் நடுவில் இருப்பவை கூம்பு செல்கள். பகலுக்கு, நிறத்துக்கு, நுணுக்கத்துக்கு அவை. நடுவை விட்டு ஓரமாக நிறைந்திருப்பவை குச்சி செல்கள். மங்கல் வெளிச்சத்துக்கு அவைதான். இந்த நோயில் குச்சிகள் முதலில் சாகும். இருட்டு போகும், பிறகு ஓரப்பார்வை போகும், கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி நடுவில் கொஞ்சம் மிஞ்சும். பரம்பரையாக வரலாம், பிள்ளைகளுக்கும் பார்த்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

பார்த்தார்கள். எனக்கு இல்லை என்றார்கள். இருந்தாலும் நாற்பது வயசுக்குப் பிறகு, இருட்டில் எது தெரியாவிட்டாலும் வயிறு குளிரும். சுவிட்ச் தட்டுப்படாவிட்டால் குளிரும். அன்றைக்கு மாடியில் குளிர்ந்தது அதனால்தான். மங்கல் நட்சத்திரத்தை ஓரக்கண்ணால் பார்க்க முடிவதற்குக் காரணமும் அந்தக் குச்சி செல்கள்தான். அவள் சொன்னபடி ஓரமாகப் பார்த்ததும் புள்ளி வந்ததே, அது எனக்கு டாக்டர் சர்டிபிகேட் மாதிரி.

அப்பா 2011-ல் போய்விட்டார். அம்மா அவரைச் சந்தேகப்பட்டது அவருக்குக் கடைசிவரை தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

ஜேக்கப் 1862-ல், புதிய டெலஸ்கோப்போடு இந்தியாவுக்குத் திரும்பி வந்தார். பூனா பக்கம் மலைமேல் வைத்து இன்னும் துல்லியமாக அளக்கத் திட்டம். வந்த சில நாட்களில், அந்த ஆகஸ்ட்டில், இறந்துபோனார். நாற்பத்தெட்டு வயசு. தன் மூன்றாவது ஆள் இல்லை என்பது தெரியாமலே போனார். ஆனால் அவர் யோசனை பொய்க்கவில்லை. நட்சத்திரத்தின் ஆட்டத்தை வைத்துக் கிரகத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பதை 1995-ல், 51 பெகாசி என்ற வேறொரு நட்சத்திரத்தில் மேயரும் கெலோவும் செய்து காட்டி, 2019-ல் நோபல் வாங்கினார்கள். ஜேக்கப் எழுதி சரியாக 140 வருஷம். வழி சரி, வீடுதான் தப்பு.

மறுபடி அந்த ஆடி ராத்திரிக்கு வருகிறேன். கரன்ட் இன்னும் வரவில்லை. கீழே போய் அம்மாவைக் கூப்பிட்டேன். எண்பதை நெருங்குகிறாள். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவின் பார்வை என்னைவிடத் தெளிவு. மூட்டு வலியோடு முனகிக்கொண்டே ஏறினாள். சுவர் தாண்ட முடியாது என்று, அந்தப் பெண் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டாள். மறுபடி தேடிப் பிடித்து, "பாட்டி, இப்படி கண்ண வைங்க" என்றாள்.

நான் ஜேக்கப் கதையை மூன்று வரியில் சொன்னேன். நம்ம மெட்ராஸில் ஒருத்தர், ரெண்டு நட்சத்திரம், மூணாவது ஒண்ணு நடுவுல இருந்து இழுக்குதுன்னு நெனச்சார்.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். அந்த வெளிச்சம் பதினாறு வருஷத்துக்கு முன்னால் கிளம்பியது. கிளம்பும்போது அப்பா உயிரோடு இருந்தார். அதை நான் சொல்லவில்லை.

"ரெண்டுதான்டா இருக்கு" என்றாள் அம்மா, கண்ணை எடுக்காமல். பிறகு மெதுவாக, "நல்லா பாத்துட்டேன். ரெண்டே ரெண்டுதான்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தூரத்தில் கோயில் விளக்கைப் பார்த்தேன்.

இறங்கும்போது படிக்கட்டில் கும்மிருட்டு. செல்போன் டார்ச்சைப் போட்டு, அம்மா கால் வைக்கப்போகிற படியில் வெளிச்சம் விழுகிற மாதிரி பிடித்துக்கொண்டு அரை அடி முன்னால் இறங்கினேன்.

"எனக்கு எதுக்குடா டார்ச்சு? நாப்பது வருஷமா ஏறி எறங்கற படி."

"உனக்கு இல்லம்மா. எனக்குத்தான் பாம்பு பயம்."

பின்னால் அம்மாவின் காலடி ஒரு கணம் நின்றது. பிறகு என் தோளில் ஒரு கை வந்து விழுந்தது.